தெலுக் கெராங்கில் எனக்கு வைத்த பெயர்

ஜனவரி 12, திங்கள்

காலை ஷிப்ட். எட்மண்டன் கிறீனில் இருந்து லண்டன் பிரிட்ஜ், திரும்ப எட்மண்டன் கிறீன், மூன்று தரம். ஒரு வயதான வெள்ளைக்காரர் ஏறி, இந்த பஸ் கடற்கரைக்குப் போகுமா என்று கேட்டார். போகாது என்றேன். அப்படியென்றால் தனக்கு வேண்டாம் என்று இறங்கிவிட்டார். நல்ல தெளிவான மனிதர்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முதலே மேனுஷா ஒரு தாளுடன் வந்து முன்னால் நின்றாள். இயர் செவின் ஜியோகிரபி ஹோம்வேர்க். உலகத்தில் ஏதாவது ஒரு சின்னக் கடற்கரைக் கிராமத்தை எடுத்து எழுதவேண்டுமாம் — எங்கே இருக்கிறது, எத்தனை சனம், என்ன தொழில், வீடு எப்படி, சாப்பாடு என்ன. ஆறு கிழமை தவணை. வகுப்பில் பாதிப் பேர் கோர்ன்வால் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் தெலுக் கெராங் எடுத்திருக்கிறன்" என்றாள்.

என் ஒரு கால் சப்பாத்துக்குள், மற்றக் கால் வெளியே.

"ஏன் பிள்ளை, கோர்ன்வால் வடிவான இடமெல்லோ?"

"அப்பா, நீங்கள் அங்கை இருந்திருக்கிறியள். நேரிலை பார்த்த ஆள் வீட்டிலை இருந்தால் எக்ஸ்ட்ரா மார்க் எண்டு மிஸ் சொன்னவ. யூ ஆர் மை பிரைமரி சோர்ஸ்."

அஜந்தா குசினிக்குள் இருந்து சத்தம் போட்டாள்: "அந்தப் படகுக் கதையைக் கட்டாயம் எழுது பிள்ளை!"

படகுக் கதை.

சோறு இறங்கவில்லை. இரண்டு தரம்தான் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜனவரி 14, புதன்

டிப்போ கன்ரீனில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

கதையை ஒருக்கால் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், எல்லாருக்கும் தெரிந்த மாதிரி. 2009 ஐப்பசி. எனக்கு இருபத்தேழு வயது. அவுஸ்திரேலியாவுக்கென்று ஏறின படகு எஞ்சின் பழுதாகி, இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக் கரையில் மணலில் ஏறி நின்றுவிட்டது. பக்கத்தில் தெலுக் கெராங் என்ற சின்ன மீன்பிடிக் கிராமம். அந்தச் சனம் எங்களைப் பிரித்து வீடு வீடாக வைத்துச் சோறு போட்டது. நானும் சிநேகிதன் விதுசனும் ஊர்த் தலைவர் பாக் மன்சூர் வீட்டில். இருபத்துமூன்று நாள். பிறகு இமிகிரேசன்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு முகாம், பிறகு எப்படியோ திருச்சி, அங்கே கலியாணம், விசா, லண்டன்.

அந்த இருபத்துமூன்று நாளில் ஒரு நாள் புயல். மன்சூரின் படகு கயிறறுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. ஊரே தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது. நான் குதிக்கிறேன். நீந்திப் போய், அறுந்த கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு படகை இழுத்து வருகிறேன். அன்றிலிருந்து ஊரில் என் பெயர் 'பங் தாலி'. பங் என்றால் அண்ணன். தாலி ஏனென்றால், லண்டனில் அஜந்தா என்று ஒரு பெண்ணை எனக்குப் பேசியிருக்கிறார்கள், அவளுக்குத் தாலி கட்டப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். ஆகவே தாலி அண்ணன்.

இதைத்தான் அஜந்தாவின் பெரியப்பாவுக்கு டெலிபோனில் சொன்னேன். அவர் அவளுக்குச் சொன்னார். அவள் ஓம் சொன்னதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணமாம். "என்னைக் காணமுதலே ஒரு தீவே எனக்காண்டி இவருக்குப் பேர் வைச்சது" என்று போன வருசம்கூட யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதில் பொய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. படகு இருந்தது. கயிறு இருந்தது. நானும் அங்கேதான் நின்றேன். புயல்... காற்று. காற்று இருந்தது.

பல்லால் கடித்தது 2016இல் சேர்த்தது.

நான் உரும்பிராய் ஆள். கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவன். எனக்கு நீந்தத் தெரியாது.

ஜனவரி 18, ஞாயிறு

மேனுஷா என்னைச் சோபாவில் இருத்தி, போனில் ரெக்கோர்ட் போட்டு, பேட்டி எடுத்தாள். முதல் ஒரு மணித்தியாலம் சந்தோசமாகத்தான் இருந்தேன். பொய் தேவைப்படாத கேள்விகள்.

வீடு எப்படி? அறுபது வீடு இருக்கும். எல்லாம் மரக்கால்களில் கடலுக்கு மேலே நிற்கிறவை. வீட்டுக்கு வீடு பலகைப் பாலம். முற்றம் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர். கோப்பை கழுவி எச்சிலைப் பலகை இடுக்கால் தள்ளினால் கீழே மீன்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எந்த வீட்டில் என்ன சமையல் என்று ஊருக்குத் தெரியமுதல் மீனுக்குத் தெரியும்.

போக்குவரத்து? பொம்பொங் என்று ஒரு சின்னப் படகு. அதன் எஞ்சின் பொம்-பொங், பொம்-பொங் என்று சத்தம் போடுவதால் அந்தப் பெயர்.

"அப்பா, நீங்கள் சும்மா சொல்லுறியள்."

"இல்லைப் பிள்ளை, இது உண்மை."

இது உண்மை என்று சொல்லும்போது எனக்கு ஏன் வியர்த்தது?

சாப்பாடு? சோறு, மிளகாயும் கச்சான் கடலையும் போட்டுப் பொரித்த நெத்தலி, பிறகு ஒரு கடல் நத்தை. அதை அவித்து, பல்லுக்குத்தும் குச்சியால் உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துச் சாப்பிட வேண்டும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதல் நாள் ஓட்டோடு கடித்தேன். இன்றும் வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று அரைதான்.

விளையாட்டு? வற்று நேரத்தில் கடல் கன தூரம் உள்ளே போய்விடும். அந்தச் சேற்றில் கால்பந்து. தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் மட்ச் முடிந்தது, யார் முன்னுக்கு நின்றாலும் சரி. நான் கோலுக்கு நின்றேன். ஒன்பது கோல் விட்டேன், ஒரு நண்டு பிடித்தேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு படகு.

"எவ்வளவு தூரம் நீந்தினீங்கள்?"

"அரை மைல்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு... அஞ்சு நிமிசம்."

போனில் ஏதோ தட்டினாள். "அப்பா, எண்ணூறு மீற்றர் வேர்ல்ட் றெக்கோர்ட்டை விட நீங்கள் ரெண்டரை நிமிசம் முந்தி."

"காத்துப் பின்னாலை இருந்து தள்ளினது பிள்ளை."

அஜந்தா பெருமையோடு என் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

ஜனவரி 19, திங்கள்

போகும்போது காற்றுப் பின்னால் என்றால் வரும்போது முன்னால். அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்பாள்.

ஜனவரி 22, வியாழன்

மிஸ் புதிதாக ஒன்று சொல்லிவிட்டா: ஒரு ஆள் சொல்வது காணாது, இன்னொருவரிடமும் கேட்டு ஒப்பிட வேண்டும். "மிச்சம் டவுணிலை விதுசன் மாமா இருக்கிறார்தானே" என்கிறாள் மேனுஷா. சனிக்கிழமை போகிறோம்.

பிறேக் நேரத்தில் விதுசனுக்குப் போன் அடித்தேன். கடையில் நின்றான்.

"மச்சான், பிள்ளையோடை வாறன். படகுக் கதை கேட்பாள். நான் நீந்தினனான் எண்டு மட்டும் சொல்லு, காணும்."

பின்னால் யாரோ பாண் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"அது ஏலாது" என்றான்.

"ஏன்?"

"நீந்தினது நான்."

"நீயோ?"

"றோஸ்மலருக்கு அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன். கலியாணம் கட்டி பதின்மூண்டு வருசமாச் சொல்லுறன் மச்சான். இப்ப மாத்தேலாது."

"டேய், அது என்ரை படகு!"

"உன்ரை படகோ? மன்சூரின்ரை படகு. நீயும் நீந்தேல்லை, நானும் நீந்தேல்லை. அப்ப ஆர் சொன்னால் என்ன?"

நியாயம்தான். கடைசியில் பங்கு போட்டோம். படகு வரைக்கும் நீந்திப் போனது அவன். இழுத்துக்கொண்டு வந்தது நான்.

"அப்ப நீ படகுக்கு எப்பிடிப் போனனி?" என்று கேட்டான்.

அதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

ஜனவரி 24, சனி

ட்ராமில் போனோம். றோஸ்மலர் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் கதிரை போட்டு, ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தா. நல்ல மனுசி. புருசன் சொல்வது எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனுசி. அது அவனுக்கு நல்லதில்லை.

தொடக்கம் சரியாகத்தான் போனது. மரக்கால் வீடு, பொம்பொங், நத்தை. பிறகு றோஸ்மலர் தேத்தண்ணீரோடு வந்து பக்கத்தில் இருந்தா. அதோடு விதுசனுக்கு ஒப்பந்தம் மறந்து போனது.

"அலை பனை உயரம் பிள்ளை. நான் ஒரு கையாலை நீந்தினன். மற்றக் கையிலை கத்தி."

"ஏன் மாமா கத்தி?"

"சுறா."

"அப்ப அப்பா எங்கை?"

என்னைப் பார்த்தான். றோஸ்மலரைப் பார்த்தான். "அப்பா கரையிலை நிண்டு அழுதவர்" என்றான்.

"நான் அழேல்லை!" என்று எழும்பிவிட்டேன். "படகை இழுத்து வந்தது ஆர்?"

"நீ எப்பிடி இழுப்பாய், உனக்கு நீந்தத் தெரியாதே!"

"உனக்குத் தெரியுமோ?"

றோஸ்மலர் ரோல்ஸ் தட்டை மெதுவாக மேசையில் வைத்தா. மேனுஷா மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சந்தோசமாக அவள் ஹோம்வேர்க் செய்து நான் பார்த்ததில்லை.

"மாமா, அங்கை உங்களுக்கும் பேர் வைச்சவையோ?"

"ஓம் பிள்ளை. பங் திடூர். பயமறியாதவன் எண்டு அர்த்தம்."

ஜனவரி 25, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு மேனுஷா போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து, திடூர் என்று அடித்தாள்.

"நித்திரை" என்றாள்.

"என்ன?"

"திடூர் எண்டால் நித்திரை. விதுசன் மாமாவுக்குப் பேர் நித்திரை அண்ணன்."

உண்மைதான். விடிய மீனவர்கள் போகும்போதும் படுத்திருப்பான், மத்தியானம் திரும்பி வரும்போதும் படுத்திருப்பான். அஜந்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உடனே றோஸ்மலருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் றோஸ்மலர், "இவர் இப்பவும் படுத்திருக்கிறார், எழுப்பிக் கேக்கிறன்" என்று போனை வைத்தாவாம். நான் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தேன். வீட்டிலேயே நான்தான் கூடுதலாகச் சிரித்தது. மடையன்.

"இருங்கோ" என்றாள் மேனுஷா. "தாலியையும் பாப்பம்."

"அது தேவையில்லைப் பிள்ளை. தாலி தமிழ்தானே."

"அவை ஏன் அப்பா தமிழ் கதைக்கினம்?"

பதினாறு வருசத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.

தட்டினாள். வாசித்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மிகவும் மெல்லிய குரலில், "கயிறு" என்றாள்.

"கயிறு அண்ணன்" என்று அஜந்தா ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் இருந்து போகவில்லை. ஆனால் அது வேறு யாரோ விட்டுவிட்டுப் போன சிரிப்பு மாதிரி இருந்தது.

"தாலியும் ஒரு கயிறுதானே" என்றேன்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஜனவரி 27, செவ்வாய்

"மேனுஷா, அப்பாட்டைச் சொல்லு, பால் முடிஞ்சுது எண்டு." நான் பிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜனவரி 28, புதன்

"மேனுஷா, அப்பாட்டைச் சொல்லு, அந்தப் பால் இல்லை, நீல மூடிப் பால் எண்டு."

பெப்ரவரி 1, ஞாயிறு

சொல்லிப்போட்டன். எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்.

புயல் இல்லை. நல்ல வெயில். ஆம்பிளையள் எல்லாரும் வலை இழுக்கப் போயிட்டினம். என்னட்டை இருந்தது ஒரேயொரு நல்ல சேட். அதைத் தோய்ச்சுக் காயப்போடக் கயிறு தேடினன். பலகைப் பாலத்துத் தூணிலை ஒரு நல்ல கயிறு. அவிட்டன். மற்ற நுனி படகிலை கட்டியிருந்தது, அதையும் அவிட்டன். படகு எண்டு தெரியும். அவிட்டால் படகு போகும் எண்டு தெரியாது. உரும்பிராயிலை அவிட்டுவிட்டால் ஒண்டும் தானாப் போகாது, ஆடு மாட்டைத் தவிர.

எஞ்சின் திருத்த வந்த மன்சூரின்ரை மச்சான் சுல், படகுக்குள்ளை தறப்பாளுக்குக் கீழை படுத்திருந்ததும் எனக்குத் தெரியாது.

சேட் நல்லாக் காய்ஞ்சுது.

பின்னேரம் மன்சூர் வந்தார். படகு நிண்ட இடத்தைப் பார்த்தார், கயித்தைப் பார்த்தார், சேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாலி" எண்டு சொல்லிக்கொண்டு அப்பிடியே பலகையிலை குந்திவிட்டார். அடுத்தநாள் காலமைதான் சுல் மூண்டு மைலுக்கு அங்காலை பக்கத்து ஊரிலை கரையேறின செய்தி வந்தது. அவன் திரும்பி வரமுதலே இமிகிரேசன்காரர் வந்திட்டினம். பேந்து நான் அவனைக் காணேல்லை.

இவ்வளவையும் அஜந்தா கைகட்டிக்கொண்டு கேட்டாள். பல்லு 2016இலை சேர்த்தது எண்டதையும் சொன்னன்.

"நீந்தத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்" எண்டாள். "சவுத்எண்ட் கடற்கரையிலை கணுக்கால் தண்ணியிலை நிண்டு என்ரை கையைப் பிடிச்சனீங்கள். படகு எனக்குப் பெரிசில்லை. அந்தப் பேர் எனக்காண்டி எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்."

பேந்து அவளே கேட்டாள்:

"அந்தச் சேட்டுக்கு அப்பிடி என்ன அவசரம்?"

"உனக்கு அனுப்பப் படம் எடுக்க. பெரியப்பா படம் கேட்டவர்."

என்னைப் பார்த்தாள். "இதை எப்ப சேர்த்தனீங்கள்?" எண்டு கேட்டுப்போட்டுப் போயிட்டாள்.

ஆனால் இது உண்மை. சத்தியமா உண்மை. ஆர் நம்பினம்?

பெப்ரவரி 4, புதன்

மேனுஷா தெலுக் கெராங்கின் பேஸ்புக் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மன்சூரின் மகள் நுருல் நடத்துகிறாளாம். ஆட்கள் வந்து தங்க இரண்டு அறையும் வைத்திருக்கிறாள், இங்கிலீஷ் கதைக்கிறாள். அப்போது பத்து வயதுச் சின்னப்பெட்டை. மேனுஷா, "நான் நிருஜனின் மகள்" என்று எழுதியிருக்கிறாள். யாரென்று தெரியவில்லையாம். "பங் தாலியின் மகள்" என்று எழுதினாளாம். பதிலுக்கு பதினொரு சிரிப்பு முகம் வந்தது.

ஞாயிறு காலை வீடியோ கோல்.

விதுசனுக்குச் சொன்னேன். தான் அன்றைக்கு பிஸி என்றான். படுத்திருப்பான்.

பெப்ரவரி 8, ஞாயிறு

இங்கே காலை ஒன்பது, அங்கே பின்னேரம் நாலு. அஜந்தா வரமாட்டேன் என்றாள். பிறகு வந்து கதவடியில் நின்றாள், பிள்ளைக்குக் கமெரா பிடிக்க ஆள் வேண்டும் என்று. பிள்ளை லப்டொப்பில் கதைக்கிறது. பிடிக்க ஒன்றும் இல்லை.

படம் வந்தது. நாற்பது தலை இருக்கும். பலகைப் பாலம் முழுக்கச் சனம். நடுவில் பாக் மன்சூர், வாயில் ஒரு பல் இல்லாமல். என்னைக் கண்டதும் எல்லாரும் ஒரே குரலில்: "பங் தாலீ!"

நான் இரண்டு கையையும் கூப்பினேன். வேறு என்ன செய்ய?

மன்சூர் எழும்பி, கயிற்றை அவிழ்ப்பது போலவும், சேட்டைத் தொங்கப்போடுவது போலவும், பிறகு நான் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பது போலவும் நடித்துக் காட்டினார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. வருசா வருசம் செய்து பழகின நடிப்பு மாதிரி இருந்தது.

நுருல் இங்கிலீஷில் மேனுஷாவுக்குச் சொன்னாள்: "அந்தப் படம் எடுத்தது நான்தான் தெரியுமா? பக்கத்து வீட்டு மாமாவின் போனில். உன் அப்பா பதினொரு தரம் எடுக்க வைத்தார். லண்டனில் ஒரு பெண்ணுக்கு அனுப்ப வேண்டும், வடிவாக எடு என்றார். கயிற்றில் காயப்போட்ட சேட், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது. கோடு தெரிகிறது என்று சொன்னேன். லண்டன் பெண் அதைக் கவனிக்க மாட்டாள் என்றார்."

கதவடியில் நின்ற அஜந்தா மேலே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம். அல்பத்தோடு வந்து, முதல் பக்கத்தில் இருந்த படத்தை உருவி, கமெராவுக்கு முன்னால் பிடித்தாள். நான், மெலிந்துபோய், பல்லைக் காட்டிக்கொண்டு. நெஞ்சுக்குக் குறுக்கே கோடு.

"பதினாறு வருசமா இதைச் சேட்டிலை உள்ள டிசைன் எண்டு நினைச்சன்" என்று நுருலுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

பிறகு ஒரு ஆளை முன்னால் தள்ளினார்கள். தொந்தி வைத்து, மீசை வைத்து — சுல்! பக்கத்தில் ஒரு பெண், மூன்று பிள்ளைகள். பக்கத்து ஊர்க் கரையில் ஆளில்லாத படகு வருகிறது என்று இழுத்துக் கட்டினவள் அவள்தானாம். தறப்பாளைத் தூக்க இவன் அலறிக்கொண்டு எழும்ப, அவளும் அலற, பிறகு கோப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அடுத்த வருசம் கலியாணம். நான் அவிழ்த்த கயிறு அந்த வீட்டில் இன்னும் இருக்கிறதாம், உடுப்புக் காயப்போடுகிறார்களாம்.

அஜந்தா என் பக்கம் திரும்பாமல், லப்டொப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்ப ஆருக்கோ கட்டித்தான் வைச்சிருக்கிறியள்."

கடைசியில் மன்சூர் ஏதோ கேட்டார். நுருல் சொன்னாள்: "பங் திடூர் எழும்பிவிட்டாரா என்று அப்பா கேட்கிறார்."

பெப்ரவரி 9, திங்கள்

அஜந்தா என்னை நேரே பார்த்து, "பால் முடிஞ்சுது" என்றாள். ஓடிப்போய் இரண்டு வாங்கி வந்தேன். நீல மூடி.

பெப்ரவரி 26, வியாழன்

லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மேனுஷா படங்களோடு வகுப்பில் வாசித்தாள். அறுபத்திரண்டு வீடு (நுருல் எண்ணிச் சொன்னது), இருநூற்று நாற்பது சனம், ஒரு பள்ளிவாசல், ஒரு கடை, எண்ணமுடியாத பூனை. வற்று நேரத்துக் கால்பந்து வீடியோவுக்குக் கோர்ன்வால் பிள்ளைகள் எல்லாம் பொறாமைப்பட்டார்கள். கடைசிப் பக்கம் 'சோர்ஸ்கள்': "முதலாவது ஆள் பொய் சொன்னார். இரண்டாவது ஆள் அதைவிடப் பெரிய பொய் சொன்னார். மூன்றாவது, ஊர்."

மிஸ் என்னைப் பார்த்துப் புன்னகைத்தா. நான் கூரையைப் பார்த்தேன்.

கேள்வி நேரம். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், கண்ணாடி போட்டவள், என்னைக் கேட்டாள்: "படகில் இருந்தவரிடம் நீங்கள் ஸொறி சொன்னீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கையைக் கூப்பினேன். சிரித்தேன். சொல்லவில்லை.

"இல்லை" என்றேன்.

"ஏன்?"

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கேள்வி கேட்க நன்றாகப் பழக்குகிறார்கள்.

பெப்ரவரி 28, சனி

சுலுக்குக் கோல் எடுத்தேன். நோன்பு நேரம், பின்னால் இரும்புச் சட்டிகள் சத்தம், ஊரே பின்னேரத்துக்குச் சமைக்கிறது. நுருல் மொழிபெயர்க்க, நேரே சொன்னேன்: அன்று ஒரு இரவு முழுக்க உன்னைக் கடலில் விட்டது நான். பயந்திருப்பாய். பதினாறு வருசம் அதை ஒரு கதையாக விற்றிருக்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

சுல் கையை ஆட்டி, அதெல்லாம் வேண்டாம், எனக்கு நல்லதுதான் நடந்தது என்றான்.

பக்கத்தில் இருந்து அவன் மனைவி ஏதோ சொன்னாள். நுருல் சிரித்துச் சிரித்துச் சொல்ல முடியாமல் சொன்னாள்: "அவருக்கு வேண்டாமென்றால் அந்த மன்னிப்பைத் தான் வாங்கிக்கொள்கிறாவாம். இவர் இன்னும் படகுக்குள் படுக்கிறாராம்."

அவவிடமும் கேட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

மேனுஷாவுக்கு நல்ல மார்க். மிஸ் சிவப்பில் ஒரு குறிப்பு: "மிக நன்று. ஆனால் சனத்தொகையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவும், அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகவும் எழுதியிருக்கலாம்."

மார்ச் 21, சனி

அஜந்தா ரிசப்ஷனில் வேலை செய்கிற கிளினிக்கின் டொக்டர் சுலோச்சனா, வால்தம்ஸ்டோவில் வீடு வாங்கி கிரகப்பிரவேசம் வைத்திருந்தா. கோயம்புத்தூர் ஆட்கள். நல்ல சாப்பாடு. அவவும் அவவுடைய புருசன் நரசிம்மனும் எங்கள் மேசையில் வந்து இருந்தார்கள்.

"அஜந்தா, உங்க கல்யாணம் லவ்வா, அரேஞ்சுடா?" என்று சுலோச்சனா கேட்டா.

வழமையாக இந்த இடத்தில் நான்தான் தொண்டையைச் செருமுவேன். இன்றைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அஜந்தா கையைத் துடைத்துவிட்டு, கதிரையை முன்னால் இழுத்துப்போட்டாள்.

"இவர் எனக்குப் படம் அனுப்பச் சேட் காயப்போடப் போய் ஒரு படகை அவிட்டு விட்டவர்" என்று தொடங்கினாள்.

நான் இப்படிச் சொன்னதே இல்லை. பலகைப் பாலத்தைக் கையால் வரைந்தாள். மன்சூர் குந்தினதை இருந்த இடத்திலேயே குந்திக் காட்டினாள். சேட்டின் கோட்டை நரசிம்மனின் சேட்டுக்கு மேலாலேயே விரலால் இழுத்துக் காட்டினாள். பக்கத்து மேசைக்காரரும் கதிரையைத் திருப்பிவிட்டார்கள்.

"அப்புறம் அந்தப் படகு என்ன ஆச்சு?" என்றார் நரசிம்மன்.

"படகோ? அது சிங்கப்பூர் வரைக்கும் போயிட்டுது."

நிமிர்ந்து பார்த்தேன். மேனுஷா போனில் இருந்து தலையைத் தூக்கினாள்.

"ராத்திரி முழுக்கக் கடலிலை" என்றாள் அஜந்தா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "கடைசியிலை சிங்கப்பூர் பொலிஸ் ஹெலிகொப்டர் வந்துதான் அந்த ஆளைக் கண்டுபிடிச்சது."

"ஐயய்யோ! நெஜமாவா சார்?" என்று சுலோச்சனா என்னைப் பார்த்தா. மேசை முழுக்க என்னைப் பார்த்தது. அஜந்தாவும் பார்த்தாள். திருச்சியில் மணவறையில் பார்த்த பிறகு அவள் முகத்தை இப்படி நான் பார்த்த ஞாபகம் இல்லை.

"ஓம்" என்றேன். "ரெண்டு ஹெலிகொப்டர்."

மேசைக்குக் கீழே அஜந்தா என் காலை மிதித்தாள். மெதுவாக.